வாயிலில் நிற்கும் வைத்தியர்

ஒரு கல்லூரி தனது விழா மலரை வெளியிடுங்கால், தன்பாற் கற்றுச் சென்றோர் எவ்வெத் தொழிலிற் சிறந்து விளங்குகின்றனர் என எண்ணிப் பார்த்து மகிழ்தல் இயல்பு. நியாயவாதிகள், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர் என விரியும் அவ்வரிசையிலே வைத்தியர்க்கு என்றும் ஓரிடம் உண்டு. தம் பிள்ளை வைத்தியனாதல் வேண்டும் என விரும்பிய பெற்றார் எம்மூர்களில் அன்றும் பலர், இன்றும் பலர். எனினும் வைத்தியருள்ளும் ஒரு வகையினரை எம்மிற் பலர் இன்னும் நன்கு அறிந்திலர். இருதய வைத்திய நிபுணர் என்றால் எல்லார்க்கும் விளங்கும். கண் வைத்திய நிபுணர், என்பு வைத்திய நிபுணர், பிள்ளை வைத்திய நிபுணர் என்றாலும் விளங்கும். 'அவசர சிகிச்சை வைத்திய நிபுணர்' என்றாலோ, 'அவர் எவ்வுறுப்புக்கு உரியவர்?' என மாணாக்கர் வினவுவர். பெரியோரும் தம் மனத்துள் வினவிக்கொள்வர்.

அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் செய்யும் தொழில் யாது, அத்தொழில் எங்ஙனம் தோன்றிற்று, அதற்கு அவர் எவற்றைக் கற்கின்றார், எமது நாட்டில் அது எந்நிலையில் உள்ளது, அவர்க்கு நாம் செய்யவேண்டிய துணை யாது என்பவற்றை முறையே கூறுவாம்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியராகிய யாம் சொல்லிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 'அவசரம்' என்பது வடசொல். ஏற்ற சமயம், வாய்ப்பு என்பனவே அதன் முதற்பொருள். தமிழ் வழக்கிலே அது காலப்போக்கில் விரைவு, பதற்றம் என்னும் பொருள்களையும் ஏற்றுக்கொண்டது. ஆதலால் 'அவசர வைத்தியம்' எனக் கேட்போர், அது பதறிச் செய்யும் வைத்தியம் என மயங்குதல் கூடும். உண்மை அதற்கு மறுதலையானது. எல்லாரும் பதறும் இடத்திலே பதறாது நிற்பதற்கென்றே பயின்றவர் அவ்வைத்தியர். ஏற்ற சமயத்தை அறிந்து, அது கழியுமுன் செய்யும் வைத்தியம் எனச் சொல்லின் முதற்பொருள் கொண்டு உணர்தலே நேரிது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே வைத்தியன் கடமையை அடுத்தடுத்த இரு குறள்களிற் கூறினார். ஒன்றிலே, நோய் இன்னதெனத் துணிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, பிழையின்றிச் செய்க என்றார். மற்றதிலே, நோயுற்றவனது நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றனையும் கருதிச் செய்க என்றார். ஏனைய வைத்தியர்க்கு முதற் குறள் காட்டும் ஒழுங்கே பெரும்பாலும் பொருந்துவதாம். அவர்கள் நோயாளியை இருத்தி, வரலாறு கேட்டு, சோதனைகள் செய்வித்து, நோயைத் துணிந்தபின் மருந்து கொடுப்பர். அவசர வைத்தியர்க்கோ இரண்டாங் குறளில் மூன்றாவதாக நின்ற காலம் முதலில் வந்து நிற்கின்றது. மூச்சடைத்து நீலம்பாரித்த ஒருவர் கொண்டுவரப்பட்டால், நோய் இன்னதெனத் துணியும்வரை அவர் உயிர் காத்திராது. ஆதலின் முதலில் மூச்சுக்கு வழி செய்தல் வேண்டும். நோயின் பெயர் பின்னர் வரும்.

இதனாலேயே இவர்க்கென ஓர் உறுப்பு இல்லை. அடி முதல் முடி வரை எவ்வுறுப்பு நோயுற்றாலும், பிறந்த குழந்தை முதல் முதியோர் வரை எவர் நோயுற்றாலும், முதற் சில மணித்தியாலங்கள் இவர்க்கு உரியன. இவர் காலத்திற்கு வைத்தியர் என்று கூறின் அது தவறாகாது.

ஓர் உதாரணம் கூறுவாம். ஐம்பது வயதுடைய ஒருவர் இரவிலே நெஞ்சு நோகின்றது என்கின்றார். வீட்டிலுள்ளோர் அதனை 'வாய்வுக் குத்து' என்று துணிந்து, இஞ்சியும் ஓமமும் அவித்துக் கொடுத்து, விடியட்டும் என்றிருப்பர். பல வேளைகளில் அது வாய்வாகவே இருத்தலுங் கூடும். ஆனால் அவசர வைத்தியர் கேட்கும் கேள்வி, 'இஃது எதுவாக இருத்தல் பெரும்பான்மை?' என்பதன்று, 'இதனுள் உயிரைக் கொள்ளவல்லது எது மறைந்திருக்கக்கூடும்?' என்பதே. இருதயத்திற்குக் குருதி செலுத்தும் குழாய் அடைபட்டதோ, பெருநாடியின் சுவர் கிழிந்ததோ, நுரையீரற் குழாயிற் குருதிக்கட்டி சிக்கியதோ, நுரையீரலைச் சூழக் காற்றுப் புகுந்து அதனை நெருக்குகின்றதோ என்பனவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே அவர் வாய்வு என்னும் முடிவிற்கு இடங்கொடுப்பர். அற்ப நோய் ஆயிரத்தினிடையே கொடிய நோய் ஒன்றைத் தவறவிடாமையே அவரது கலை.

காலத்தின் அருமையைச் சில கணக்குகளாற் காண்க. இருதயம் நின்று குருதியோட்டம் அற்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுள் மூளை கெடத் தொடங்கும். மூளைக்குச் செல்லும் குழாயிற் குருதி உறைந்து பக்கவாதம் வந்தால், அவ்வுறைவைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக 4½ மணித்தியாலங்களுள் ஏற்றுதல் வேண்டும். அவ்வெல்லை கடந்தபின் ஏற்றினால் மூளையுள்ளே குருதி பெருகும் இடர், பெறக்கூடிய நன்மையினும் மிகும். ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தவர்க்கு, அதே வைத்தியசாலையில், அதே வைத்தியர், அதே மருந்தைக் கொடுக்க இயலாது போகின்றது. காலம் கடந்தமையே காரணம்.

தொழில் தோன்றிய வரலாறு

இத்தகைய தொழிலுக்கு வித்திட்டது போர்க்களமாகும். 1790ஆம் ஆண்டுகளிலே பிரான்சிய சேனையிற் கடமையாற்றிய சத்திர வைத்தியர் டொமினிக் ஜீன் லாரே என்பவர், காயமுற்ற வீரர் சண்டை முடியுமளவும் களத்திலே கிடந்து மடிதலைக் கண்டார். நோயாளர் வண்டிகள் அக்காலத்திற் களத்திற்கு மிகத் தொலைவிலே நிறுத்தப்பட்டிருந்தன. லாரே விரைந்து செல்லும் குதிரை வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்பொழுதே காயமுற்றோரை எடுப்பித்தார். அஃதன்றியும், பதவியும் தகுதியும் நோக்காது, காயத்தின் கடுமை ஒன்றையே நோக்கி முறை வகுத்தார். தளபதிக்குச் சிறுகாயமும் காவலாளுக்குப் பெருங்காயமும் இருப்பின், காவலாளே முன் கவனிக்கப்பட்டான்.

இவ்வாறு நோயாளரை முறைப்படுத்துதலை மேனாட்டார் 'திரியாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் வழங்குவர். பண்டங்களைத் தரம் பிரித்தல் என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்து கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண் இது. இச்சொல்லுக்கும் நல்ல தமிழொன்று நிலைபெறுதல் வேண்டும். 'முறைதெரிதல்' என்பது பொருந்தும் என்பது எமது எண்ணம். இன்று அவுஸ்திரேலிய வைத்தியசாலைகளிலே இது ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்படியினர் உடனே பார்க்கப்படல் வேண்டும். ஏனையோர் முறையே 10, 30, 60, 120 நிமிடங்களுள் பார்க்கப்படல் வேண்டும். பிந்தி வந்தவர் முந்திச் செல்லுதல் கண்டு வாயிலிற் காத்திருப்போர் சினத்தல் உண்டு. முறை என்பது வந்த ஒழுங்கு அன்று, தேவையின் ஒழுங்கு என்பதை அவர் அறியின் அச்சினம் தணியும்.

போர்க்களத்தில் இங்ஙனம் கண்ட உண்மை பொது வைத்தியசாலையின் வாயிலை அடைவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வைத்தியசாலைகள் பெருவளர்ச்சி பெற்றிருந்தன. உள்ளே விடுதிகளில் ஒவ்வோர் உறுப்புக்கும் நிபுணர் இருந்தனர். வாயிலிலோ, அனுபவம் மிகக் குறைந்த இளைய வைத்தியரே பெரும்பாலும் நிறுத்தப்பட்டனர். சில இடங்களில் எத்துறையினராயினும் முறைவைத்து வந்து பார்த்துச் சென்றனர். இஃது எத்துணை விபரீதம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயாளி மிகக் கொடிய நிலையில் இருக்கும் நேரம், அவர் வாயிலிற் கொண்டுவந்து இறக்கப்படும் நேரமே. அந்நேரத்தில் அவரை எதிர்கொண்டவர் யாவரினும் குறையக் கற்றவர். நன்கு கற்றவரிடம் அவர் சென்றடைந்த வேளையில், ஒன்றிற் பிழைத்திருந்தார், ஒன்றில் இறந்திருந்தார்.

இக்குறையை முதலில் உணர்ந்து செயற்பட்டோருள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மொரிஸ் எலிஸ் என்பவர் ஒருவர். 1952ஆம் ஆண்டிலே அந்நகரின் வைத்தியசாலையில் விபத்துப் பிரிவிற்கென்றே முழுநேர நிபுணராக அவர் நியமிக்கப்பட்டார். 1962இல் வெளிவந்த பிளாற் அறிக்கை, அப்பிரிவுகளை 'விபத்து அவசர சிகிச்சைப் பிரிவுகள்' எனப் பெயர் மாற்றிச் சீர்செய்யுமாறு கூறிற்று. 1967இல் அத்தொழிலினர்க்கென ஒரு சங்கம் அமைந்தது. எலிஸ் அதன் முதற் றலைவரானார்.

அமெரிக்காவிலே, வேர்ஜினியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில், 1961ஆம் ஆண்டு ஜேம்ஸ் மில்ஸ் என்னும் வைத்தியரும் அவர்தந் தோழர் மூவரும் தாம் நடாத்திவந்த சொந்த வைத்தியத் தொழிலைக் கைவிட்டு, இரவும் பகலும் வைத்தியசாலை வாயிலை முறைவைத்துக் காத்தலையே தொழிலாகக் கொண்டனர். நன்கு நடந்த தொழிலை விட்டு, ஒருவரும் விரும்பாத இடத்தைத் தாமே தேடிச் சென்ற அந்நால்வரே அந்நாட்டில் இத்தொழிலுக்கு முன்னோடிகள் எனப் போற்றப்படுகின்றனர்.

1966ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தேசிய அறிவியற் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று அந்நாட்டாரைத் திடுக்கிடச் செய்தது. 1965ஆம் ஆண்டில் மாத்திரம் விபத்துக்களால் 1,07,000 பேர் அங்கு இறந்தனர் என அது காட்டிற்று. நோயாளர் வண்டிச் சேவையில் ஏறக்குறையப் பாதியை நடாத்தியவர் யாவர்? பிரேத அடக்கம் செய்யும் தொழிலினர்! ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லக்கூடிய வண்டி அவர்களிடமே இருந்தமை அதற்குக் காரணம். போர்முனையிற் காயமுறுபவனுக்குள்ள பிழைக்கும் வாய்ப்பு, நகரத் தெருவிற் காயமுறுபவனுக்கு இல்லை என்னும் கருத்தும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. லாரே களத்திற் கண்டது நகரத்தை இன்னும் எட்டவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1968இல் அமெரிக்க அவசர வைத்தியர் கல்லூரி நிறுவப்பட்டது. 1970இல் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்திலே இத்துறைக்கான முதற் பயிற்சி தொடங்கிற்று. புரூஸ் ஜனியாக் என்பவர் அதன் முதல் மாணாக்கர். ஆயினும் ஏனைத் துறையினர் இதனை எளிதில் ஏற்றாரல்லர். தனக்கென ஓர் உறுப்பும் இல்லாத துறை தனித்துறை ஆவதெங்ஙனம் என்பது அவர் வாதம். எம் மாணாக்கர் கேட்கும் அதே வினாவை அற்றைப் பேரறிஞரும் கேட்டனர் என்பது கருதற்பாலது. 1977இல் இத்துறையினரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1979இலேதான் இது அந்நாட்டின் 23ஆவது சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது. அவுஸ்திரேலியா 1993இலும் இந்தியா 2009இலும் இதனைத் தனித்துறையாக ஏற்றன. மருத்துவக் கலை பன்னூற்றாண்டுத் தொன்மையுடையது; அதன் வாயில் காக்கும் துறையோ எமது பழைய மாணவர் பலரினும் வயதில் இளையது.

கல்வியும் பயிற்சியும்

இனி, இவர் எவற்றைக் கற்கின்றார் என்பதை நோக்குவாம். இவர் கல்வியின் அடிப்படை ஓர் ஒழுங்காகும். எத்தகைய நோயாளி வரினும் அவ்வொழுங்கு மாறாது. முதலில், மூச்சுவழி திறந்துள்ளதா என நோக்குவர். விபத்துற்றோராயின் கழுத்தெலும்பு அசையாது பேணுவர். இரண்டாவது, மூச்சு உட்சென்று வருகின்றதா என நோக்குவர். மூன்றாவது, குருதியோட்டம் எந்நிலையில் உள்ளது, குருதி எங்கேனும் பெருகுகின்றதா என நோக்குவர். நான்காவது, அறிவுநிலையும் நரம்புகளின் நிலையும் எத்தகையன என நோக்குவர். ஐந்தாவது, உடலை முழுதும் திறந்து, மறைந்த காயம் உண்டோ எனத் தேடி, குளிர் தாக்காது போர்த்துவர். ஒவ்வொரு படியிலும் கண்ட குறையை அப்பொழுதே தீர்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்வர். காண்போர்க்குக் கொடியதாகத் தோன்றும் முறிந்த கால், காணாது கொல்லும் அடைபட்ட மூச்சின் பின்னரே கவனிக்கப்படும்.

விபத்துற்றோரைப் பார்க்கும் இவ்வொழுங்கு உலகெங்கும் பரவியதற்கு ஒரு துயரமே காரணமாயிற்று. 1976ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் என்புச் சத்திர வைத்தியர், தம் மனைவியையும் மக்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு தாமே செலுத்திச் சென்ற சிறு விமானம், அமெரிக்காவின் நெப்ரஸ்கா மாநிலத்தில் வயலொன்றில் வீழ்ந்தது. மனைவியார் அங்கேயே இறந்தனர். தாமும் காயமுற்ற நிலையிற் பிள்ளைகளை அயலூர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அவர், அங்கிருந்தோர் அன்புடையராயினும் இத்தகைய காயங்களை எவ்வொழுங்கிற் பார்ப்பதென அறியாதிருந்தமையைக் கண்டார். அவர் அவர்களைப் பழித்துக்கொண்டிருந்திலர். அவ்வறியாமையைப் போக்கும் பாடநெறி ஒன்றைத் தோழருடன் சேர்ந்து அமைத்தார். 1978இல் அது முதன்முறை கற்பிக்கப்பட்டது. 1980இல் அமெரிக்கச் சத்திர வைத்தியர் கல்லூரி அதனைத் தனதாக ஏற்றது. இன்று பல நாடுகளில் வைத்தியர் அதனைக் கற்கின்றனர். நன்கு வகுத்த பாடம் ஒன்று எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு ஆசிரியராகிய எமக்கு இதனினும் சிறந்த சான்று தெரியாது.

இவ்வொழுங்கின்மேல் எல்லாத் துறைகளின் முதற்பகுதியும் கட்டப்படுகின்றது. மயக்கமருந்து வைத்தியரிடம் மூச்சுக்குழாயிற் குழாய் செலுத்தவும், சத்திர வைத்தியரிடம் நெஞ்சுக் கூட்டிலிருந்து காற்றையும் குருதியையும் வடிக்கவும், என்பு வைத்தியரிடம் விலகிய மூட்டைப் பொருத்தவும், மகப்பேற்று வைத்தியரிடம் வாயிலிலேயே நிகழ்ந்துவிடும் பிரசவத்தைத் தாங்கவும், பிள்ளை வைத்தியரிடம் வலிப்புற்ற குழந்தையைப் பார்க்கவும் இவர் பயில்கின்றார். ஒவ்வொன்றிலும் இவர் அத்துறை நிபுணர்க்கு நிகராகார், ஆதல் நோக்கமுமன்று. அந்நிபுணர் வந்து சேரும்வரை உயிரை நிறுத்தி வைத்தலும், எந்நிபுணரை அழைத்தல் வேண்டும் எனத் துணிதலுமே இவர் கடமை.

கைத்திறனினும் அரிய பயிற்சிகள் சில உள. ஒரே வேளையில் பலரைக் கவனித்தல். தாதியரையும் உதவியாளரையும் சொல்லாலும் குறிப்பாலும் ஒருவழிப்படுத்தல். போதிய செய்தி கிடைக்குமுன்னரே முடிவு செய்தல். செய்த முடிவு பொருந்தாதெனக் கண்டால் உடனே மாற்றல். வெளியே காத்து நிற்கும் தாயிடம் சென்று, உள்ளே நிகழ்ந்ததை உள்ளவாறு சொல்லல். இவ்விறுதிக் கடமை எந்நூலைக் கற்றும் எளிதாவதன்று.

இத்தொழிலிற் புகழ் குறைவு. சத்திர வைத்தியரை நோயாளி ஆயுள்முழுதும் நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் மாம்பழக் கூடையுடன் சென்று காண்பர். வாயிலில் மூச்சைத் திருப்பித் தந்தவரின் முகத்தை அவர் கண்டதேயில்லை. அந்நேரம் அவர் அறிவிழந்து கிடந்தார். கல்லூரிக்கு வந்து பரிசு பெறுவோர், உயர்தர வகுப்பிற் கற்பித்தாரைப் பெயர்சொல்லிப் போற்றுவர். அரிவரி எழுதுவித்தாரை மறப்பர். அவசர வைத்தியர் மருத்துவ உலகின் அரிவரி ஆசிரியர் எனலாம். இரவுக் கடமையும், ஓய்வின்மையும், கண்முன்னே நிகழும் மரணங்களும் இவர் உள்ளத்தைச் சோர்விக்கும் என்பதையும் மறைத்தல் தகாது. இத்துறையை விரும்புவோர் அதனையும் அறிந்தே விரும்புதல் வேண்டும்.

எமது நாட்டில்

இலங்கையிலும் நெடுங்காலம் வாயில் இளையோர் கையிலேயே இருந்தது. வெளிநோயாளர் பிரிவிற் பார்த்து, விடுதிக்கு அனுப்பி, அங்கே நிபுணர் வரும்வரை காத்திருத்தலே வழக்கம். போர்க்காலத்திலும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுதும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் வாயில்களிற் கொண்டுவரப்பட்டனர். எம் வைத்தியரும் தாதியரும் அத்துறைக்குப் பெயரிடாமலே முறைதெரிதலைச் செய்து பழகினர். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டத்திற்குரிய பயிற்சியை 2010ஆம் ஆண்டிற்குப் பின்னரே தொடங்கிற்று. அங்ஙனம் பயின்று வெளிவந்தோர் பெரிய வைத்தியசாலைகளிற் கடமை ஏற்று வருகின்றனர்.

இத்துறையில் நிபுணராக விரும்பும் மாணாக்கன் செல்லவேண்டிய வழி நீண்டது. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவிற் சித்தியெய்தி, ஐந்தாண்டு மருத்துவ பீடத்திற் கற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்று, சில காலம் வைத்தியராகக் கடமையாற்றி, தெரிவுப் பரீட்சை எழுதி, பல ஆண்டு துறைப்பயிற்சி பெற்று, எம்.டி. பரீட்சையிற் சித்தியெய்தி, பின் வெளிநாட்டிலும் பயின்று மீளல் வேண்டும். கல்லூரியை விட்டுச் சென்ற நாள் முதல் ஒரு வியாழவட்டம் கடந்தே அவர் நிபுணராவர்.

வைத்தியசாலைக்கு வெளியேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டு இந்திய அரசின் நன்கொடையால், 88 வண்டிகளுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் '1990 சுவசெரிய' என்னும் அம்புலன்ஸ் சேவை தொடங்கிற்று. 2018இல் அது வட மாகாணத்திற்கு வந்தது. பின்னர் நாடு முழுதும் பரவிற்று. 1990 என்னும் எண்ணை அழைத்தால், பயிற்சி பெற்ற ஒருவருடன் வண்டி வரும், கட்டணம் இல்லை. லாரேயின் குதிரை வண்டி இவ்வாறு எம் ஒழுங்கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

வாயிலுக்கு முன்னே

இத்துணையும் கூறியது வைத்தியர் கடமை. ஆனால் அவர் கைக்கு நோயாளி வருமுன் கழியும் நேரம் எம் கையிலுள்ளது. அங்கு நாம் தவறினால், எத்துணை கற்ற வைத்தியரும் யாது செய்வர்? ஆதலின் சிலவற்றை ஈண்டு எடுத்துரைத்தல் கடனாகும்.

ஒருவர் திடீரென வீழ்ந்து, அழைத்தும் அறிவின்றி, இயல்பாக மூச்சு விடாதிருப்பின், 1990இற்கு அழைக்கச் செய்து, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய இரண்டங்குல ஆழம் அழுத்துதல் வேண்டும். இம்முறையை 1960இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்டனர்; கருவி யாதும் வேண்டா. அழுத்துவாரின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறையும். சூழ நின்று விசிறுதலும், சோடா வாங்க ஓடுதலும், வாயில் நீர் ஊற்றுதலும் பயன் தாரா. ஊற்றிய நீர் மூச்சுக்குழலுட் சென்று கேடும் விளைக்கும். மூச்சு இருந்து அறிவு மாத்திரம் இல்லாதவரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துக. குருதி பெருகும் காயத்தைத் துணியால் விடாது அழுத்திப் பிடிக்க. தெருவிபத்தில் வீழ்ந்தவரைக் கையிலும் காலிலும் பற்றித் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்துத் திணித்தல், முறிந்த முள்ளந்தண்டை மேலும் கெடுக்கும்.

பாம்பு கடித்தால், கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும், கீறுதலும், உறிஞ்சுதலும் கூடா. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். நிலத்திற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் நோவும் வீக்கமும் பெரும்பாலும் இரா; வயிற்று நோவும் கண்மடல் சோர்தலும் தோன்றிப் பின் மூச்சு நிற்கும். பார்வை பார்ப்பித்தலில் நம்பிக்கையுடையோரை யாம் இகழ்கிலேம். ஆயினும் நஞ்சினை முறிக்கும் ஊசிமருந்தும், மூச்சு நின்றாற் செலுத்தும் பொறியும் வைத்தியசாலையிலேயே உள. முதலில் அங்கே செல்க என்பதே எம் வேண்டுகோள்.

இவற்றைக் கற்றற்குப் பல்கலைக்கழகம் வேண்டா. கல்லூரி மண்டபமும் ஒரு பிற்பகற்பொழுதும் போதும். பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர் உளர். கட்டடமும் கேடயமும் அளித்தலோடு, ஆண்டுக்கு ஒரு நாள் வந்து, கல்லூரியை விட்டு நீங்கும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் நெஞ்சழுத்தும் முறையையும் முதலுதவியையும் பயிற்றுவிப்பாராயின், அஃது இவ்விழா ஆண்டின் நிலைத்த நினைவாகும். இன்று பயின்ற சிறுவன் நாளை தன் தந்தையாரின் நெஞ்சிற் கைவைக்க நேரலாம்.

உயிரியற் பிரிவில் அமர்ந்திருக்கும் மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை. உறுப்புக்கு உரிய வைத்தியராதல் நன்றே. ஆயினும், காத்திருக்க இயலாத நோயாளியை முதலில் எதிர்கொள்ளும் இடம் இன்னும் ஆள் போதாது நிற்கின்றது. பொருளும் புகழும் அங்கே குறையலாம். வேண்டப்படும் ஆற்றலோ குறைந்ததன்று. எம் கல்லூரியிற் கற்ற ஒருவர், நள்ளிரவில் நம்மவர் ஒருவரை எதிர்கொண்டு அவ்வாயிலில் நிற்பாராயின், இங்கே கற்பித்தவர் அனைவர் உழைப்பும் பயன்பெற்றதாகும். அதற்குத் திருவருள் துணைபுரிவதாக.